ப்ரோக்கோலிக்கு எது பட்டம்?

ஆடி பிறந்துவிட்டால் கோயம்புத்தூரில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களின் கைகள் சும்மா இருப்பதில்லை. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற சொல்லை வயலுக்கு மட்டுமன்றித் தொட்டிக்கும் வளர்ப்புப் பைக்கும் பொருத்திக்கொண்டு, வெண்டை, கத்தரி, அவரை, புடலை, பீர்க்கு என எல்லா விதைகளையும் ஒரே வாரத்தில் ஊன்றிவிடுகிறோம். அந்த வரிசையில் ப்ரோக்கோலி விதையையும் சேர்த்துக்கொள்வது அண்மை ஆண்டுகளில் பலரிடம் பழக்கமாகி வருகிறது. அந்தப் பழக்கத்தை நண்பர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன். ப்ரோக்கோலிக்கு ஆடிப்பட்டம் பொருந்தாது, தைப்பட்டமும் பொருந்தாது. கோவையில் அதற்குரிய விதைப்புக் காலம் புரட்டாசி இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஐப்பசி முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. ஆங்கில நாள்காட்டிப்படி செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் மூன்றாம் வாரம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். கத்தரியை இரண்டு மாதம் முன்பின்னாக விதைத்தாலும் அது ஏதோ ஓரளவு காய்த்துவிடும். ப்ரோக்கோலி அப்படி விட்டுக்கொடுக்காது.

இதற்குக் காரணம் நாம் உண்ணும் பகுதியிலேயே இருக்கிறது. ப்ரோக்கோலியில் நாம் சமைப்பது மலரப்போகும் நிலையில் நெருக்கமாகத் திரண்டிருக்கும் ஆயிரக்கணக்கான மொட்டுகளையும் அவற்றைத் தாங்கும் சதைப்பற்றான தண்டையும். அந்த மொட்டுகள் ஒரே சீராகத் தோன்றி, ஒரே சீராகப் பருத்து, மலராமல் சில நாட்கள் நிற்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் செடி அவசரப்படுகிறது: சில மொட்டுகள் முந்தி மலர்கின்றன, சில வளர்ச்சி நின்று பழுப்பாகின்றன, பூவின் நடுவே சிறு இலைகள் முளைத்து எட்டிப் பார்க்கின்றன. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல் ஆகியவையும் ப்ரோக்கோலியும் பிராசிக்கா ஒலரேசியா என்ற ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் ப்ரோக்கோலி தென் இத்தாலியில் உருப்பெற்ற பயிர். அங்கே கோடை வறண்டது, மழை குளிர்காலத்தில் பெய்வது. கோடையின் முடிவில் விதைத்து, மழையோடு வளரவிட்டு, மிதமான குளிரில் பூவை அறுப்பார்கள். கொங்கு நாட்டிலும் வடகிழக்குப் பருவமழைதான் முதன்மையான மழை என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் செடியை வளர்த்து மார்கழி, தை மாதங்களின் குளிரில் பூவை அறுப்பது அந்தச் செடியின் இயல்புக்கு அந்நியமான ஏற்பாடன்று. நம்மிடம் குறைவாக இருப்பது குளிர்தான்.

எவ்வளவு குறைவு என்பதைப் பார்க்க வேண்டும். ப்ரோக்கோலியின் பூ திரள்வதற்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 20 பாகை செல்சியஸ். இலையும் தண்டும் வளரும் தொடக்கக் கட்டத்தில் 25 பாகையைத் தாண்டினாலும் செடி பொறுத்துக்கொள்ளும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில், ஆண்டின் மிகக் குளிர்ந்த டிசம்பர், ஜனவரி மாதங்களில்கூடப் பகல் உச்சம் 29, 30 பாகையை ஒட்டியே நிற்கிறது; இரவில் 18, 19 பாகை வரை இறங்குகிறது. பிப்ரவரியில் பகல் உச்சம் 33 பாகையை நெருங்கிவிடும், மார்ச்சில் 35 பாகையைத் தொடும். ஆகவே நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வாரங்களே இந்தச் செடிக்குப் போதுமானவையாக இருக்கின்றனவே தவிர, தாராளமானவையாக இல்லை. இரவுக் குளிரும், காலை எட்டு மணி வரை நீடிக்கும் பனியும் சேர்ந்துதான் பகல் வெயிலின் மிகுதியை ஈடுசெய்கின்றன. அந்த ஏழெட்டு வாரங்களில் ஒன்றைத் தவறவிட்டாலும் பூவில் தெரியும் என்பதாலேயே விதைக்கும் நாளைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வெப்பம் செடியை எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பியார்க்மன், பியர்சன் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ப்ரோக்கோலிச் செடிகளை வளர்ச்சியின் வெவ்வேறு கட்டங்களில் ஒரு வாரம் 35 பாகை வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். இலை மட்டுமே விட்டுக்கொண்டிருந்த இளஞ்செடிகள் பெரிய பாதிப்பின்றித் தேறின. நுனிக்குருத்து இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூ உருவாக்கத் தொடங்கும் கட்டத்தில் வெப்பத்தில் அகப்பட்ட செடிகளிலோ, மொட்டுகளில் ஒரு பகுதி அந்த நிலையிலேயே வளர்ச்சி நின்றுபோய், பின்னர் குளிர்ச்சி திரும்பிய பிறகும் பூ மேடும் பள்ளமுமாகவே திரண்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தக் கட்டம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். செடியின் நடுவில் பொத்தான் அளவில் பூ தென்படும்போது, அதன் தலைவிதி அதற்கு ஓரிரு வாரம் முன்பே எழுதப்பட்டிருக்கும். பூ வெளியே தெரிந்த பிறகு நிழல் வலை கட்டுவதும், நாளுக்கு மூன்று முறை தண்ணீர் தெளிப்பதும் ஓரளவே உதவும். குருத்து மாறும் அந்த நாட்கள் குளிரில் விழும்படி விதைப்பு நாளைத் தேர்ந்தெடுப்பதே உண்மையான பாதுகாப்பு.

ஆகவே கணக்கை முடிவிலிருந்து தொடங்க வேண்டும். கோவையில் மார்கழி பிறப்பதிலிருந்து தை முடிவதற்குள், அதாவது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள், பூ திரண்டு அறுவடை முடிந்துவிட வேண்டும். சீக்கிரம் விளையும் வீரிய ஒட்டு ரகங்கள், அதாவது இரு வேறு ரகங்களைக் கலந்து உருவாக்கியவை, நாற்று நட்டதிலிருந்து 60 முதல் 70 நாட்களில் அறுவடைக்கு வருகின்றன. தொட்டியில் நடும்போது அதற்கு மேல் ஒரு வாரம் கூட்டிக்கொள்வது நல்லது. விதை முளைத்து, நான்கைந்து இலைகளுடன் நடுவதற்கேற்ற நாற்றாக ஆவதற்கு நான்கு முதல் ஐந்து வாரம் ஆகும். செப்டம்பர் 25ஆம் நாள் விதைத்தால் அக்டோபர் இறுதியில் நடலாம். டிசம்பர் தொடக்கத்தில் குருத்து மாறும். புத்தாண்டை ஒட்டிப் பூ அறுக்கலாம். அக்டோபர் 20ஆம் நாள் விதைத்தால் நவம்பர் கடைசி வாரத்தில் நடவு, ஜனவரி தொடக்கத்தில் குருத்து மாற்றம், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ அறுவடை. இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட எந்த விதைப்பும் சரி. ஆடியில் விதைத்தால் குருத்து மாறுவது புரட்டாசியில், வெப்பமும் புழுக்கமும் குறையாத நாட்களில் விழுகிறது. கார்த்திகை நடுவில் விதைத்தால் பூ திரள்வது மாசி வெயிலில். இரண்டிலும் செடி தளதளவென்று வளரும், ஆளுயரப் பாராட்டும் கிடைக்கும், பூ மட்டும் ஏமாற்றும்.

ஒரே நாளில் எல்லா விதைகளையும் விதைப்பதைக் காட்டிலும், பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதைப்பதையே நான் விரும்புகிறேன். ஒரு வீட்டுக்கு ஒரே வாரத்தில் பத்துப் பூக்கள் வந்து குவிந்தால் என்ன செய்வது என்பது ஒரு காரணம். மழை எப்போது கொட்டும், குளிர் எந்த வாரத்தில் இறங்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது என்பது இன்னும் வலுவான காரணம். வடகிழக்குப் பருவமழை முந்தி ஓய்ந்த ஆண்டில் முதல் தவணையும், கார்த்திகை வரை வானம் மூடியே கிடந்த ஆண்டில் மூன்றாம் தவணையும் சிறந்துவிடும். எது வாய்க்கும் என்பதைப் புரட்டாசியிலேயே யாரும் சொல்லிவிட முடியாது.

விதைப் பொட்டலத்தின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மாதங்களை அப்படியே நம்ப வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறேன். "கடைசி உறைபனிக்கு ஐந்து வாரம் முன்பு விதைக்கவும்" என்பது போன்ற குறிப்புகள் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ எழுதப்பட்டவை. உறைபனியே காணாத ஊரில் அந்த வரிக்குப் பொருளில்லை. அவர்கள் வசந்தத்தில் ஒரு முறையும் கோடை இறுதியில் ஒரு முறையும் விதைக்கிறார்கள். நமக்கு வசந்தப் பயிர் என்ற ஒன்று கிடையாது, மாசி, பங்குனி நேராகக் கோடைக்குத்தான் போகிறது. வட இந்தியக் காணொளிகள் ஓரளவு நெருக்கமானவை என்றாலும் அவற்றையும் திருத்திக்கொண்டுதான் பின்பற்ற வேண்டும். தில்லிச் சமவெளியில் ஆகஸ்டு கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் நாற்றங்கால் போடுகிறார்கள், ஏனெனில் அங்கே நவம்பரிலேயே குளிர் வந்துவிடுகிறது, ஜனவரியிலோ செடி வளராமல் நின்றுவிடும் அளவுக்கு இரவு குளிர்ந்துவிடுகிறது. நமக்குக் குளிர் தாமதமாக வருகிறது, அதுவும் அரைகுறையாக. எனவே நாமும் அவர்களைவிட மூன்று, நான்கு வாரம் தாமதிக்க வேண்டும்.

நாளுக்கு அடுத்தபடியாக முடிவு செய்ய வேண்டியது ரகம். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் குலு பள்ளத்தாக்கிலுள்ள கட்ராயின் நிலையத்தில் உருவான பூசா கே.டி.எஸ்.-1, பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பாலம் சம்ருத்தி ஆகிய இரண்டும் நம் நாட்டு ஆய்வாளர்கள் உழைத்து உருவாக்கிய நல்ல ரகங்கள். விதையைச் சேமித்துக்கொள்ளவும் இடம் தருபவை. ஆனால் அவை இமாச்சலக் குளிருக்கானவை, நடவுக்குப் பின் ஏறத்தாழ மூன்று மாதம் கேட்பவை. நமக்கு அந்த மூன்று மாதக் குளிர் இல்லை. மனம் நாட்டு ரகத்தின் பக்கம் சாய்ந்தாலும், கோவையிலும் அதைவிட வெப்பமான ஊர்களிலும் கிரீன் மேஜிக் போன்ற, வெப்பத்தை ஓரளவு தாங்கிச் சீக்கிரம் விளையும் ஒட்டு ரகத்தையே பரிந்துரைக்கிறேன். விதை வாங்கும்போது பெயரைவிட, நடவிலிருந்து அறுவடைக்கு எத்தனை நாள் என்பதைக் கேட்டு வாங்குங்கள். 75 நாளுக்கு மேற்பட்டது என்றால் சமவெளியில் தவிர்த்துவிடலாம். ஊதா நிறத்தில் வரும் ரகங்கள் கண்ணைக் கவர்பவைதாம். அவற்றுள் பலவும் நீண்ட குளிரை வேண்டுபவை.

புரட்டாசி, ஐப்பசியில் நாற்று விடுவதில் இருக்கும் இடையூறு மழை. ப்ரோக்கோலி விதை கடுகைப் போன்றது, அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு நல்ல மழை பட்டால் குழித்தட்டிலிருந்து விதை வெளியே தெறித்துவிடும். முளைத்தவையோ ஈரம் மிகுந்தால் தண்டின் அடியில் நீர்கோத்து மெலிந்து சாய்ந்துவிடும். இந்த நாற்றழுகல்தான் ஐப்பசி நாற்றங்காலின் முதல் எதிரி. ஆகவே குழித்தட்டில் தென்னை நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் நிரப்பி, அதில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சிறிது கலந்து, மழை விழாத, ஆனால் வெளிச்சம் தாராளமாக விழும் இடத்தில் வைக்க வேண்டும். ஒளி ஊடுருவும் தகடு வேய்ந்த தாழ்வாரம் இருந்தால் நல்லது. விதை நான்கு முதல் ஏழு நாளில் முளைக்கும். முளைத்த மறுநாளே நேரடி வெளிச்சம் வேண்டும். வீட்டுக்குள் சன்னலோரம் வைத்த நாற்று வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக நீண்டு, நட்ட பிறகு நிமிர்வதற்கே இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் அந்த இரண்டு வாரம் கிடையாது. நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்றுகளைக் காலை வெயிலில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

நாற்றின் வயதைப் பற்றியும் அழுத்திச் சொல்ல வேண்டும். மழை விடட்டும், பை தயாராகட்டும் என்று குழித்தட்டிலேயே ஏழெட்டு வாரம் வைத்திருந்த நாற்றின் வேர் சுருண்டு அடைபட்டுப் போகும். அப்படிப்பட்ட நாற்று நட்ட பின் போதிய இலை விடாமலேயே, எலுமிச்சை அளவில் ஒரு பூவைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பூவின் அளவைத் தீர்மானிப்பவை பூ தோன்றுவதற்கு முன் செடி விட்டிருக்கும் இலைகளே. உரக்குறைவு, தண்ணீர்த் தட்டுப்பாடு, வேர் அடைப்பு ஆகிய எது நேர்ந்தாலும் இதே விளைவுதான் வரும். ஐந்து வாரம் ஆன நாற்றை, மழை பெய்தாலும் பரவாயில்லை, வடிகால் சரியாக இருக்கும் பையில் நட்டுவிடுவது மேல். மழையைச் செடி தாங்கும், காத்திருப்பைத் தாங்காது.

பையைப் பொறுத்தவரை, ஒரு செடிக்கு ஒரு பை, ஓரடிக்குக் குறையாத ஆழமும் பதினைந்து லிட்டருக்குக் குறையாத கொள்ளளவும் வேண்டும். நிலத்தில் நடுவோர் செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் விட வேண்டும். செம்மண், நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தால் போதும். நட்ட இரண்டாம் வாரத்திலிருந்து, ஊறவைத்துப் புளித்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலை நீர்த்துப் பத்து நாளுக்கு ஒரு முறை ஊற்றி வருவது இலை வளர்ச்சிக்கு நல்லது. பொத்தான் அளவில் பூ தெரிந்தபின் அதைக் குறைத்துவிட வேண்டும், இல்லையேல் தண்டின் உள்ளே பொந்து விழும். பொந்துக்கு மற்றொரு காரணம் போரான் சத்துக் குறைவு. கோவையில் பல வீடுகளில் பயன்படுத்தும் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராக இருப்பதால் தொட்டி மண் மெல்ல மெல்லக் காரத்தன்மைக்கு மாறுகிறது. காரம் கூடக்கூட மண்ணில் போரான் இருந்தாலும் வேருக்குக் கிடைப்பது குறைகிறது. நட்ட மூன்றாம் வாரத்தில் ஒரு லிட்டர் நீருக்கு 1 கிராம் போராக்ஸ் என்ற அளவில் ஒரே ஒரு முறை இலைவழி தெளிக்கலாம். இந்த அளவைத் தாண்டக் கூடாது. போரானில் போதுமானதற்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது. மழைக்காலத்தில் மொட்டைமாடித் தொட்டியில் பிடித்துவைத்த நீர் இருந்தால் அதையே ஊற்றுங்கள், அதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

மாடியில் இடம் தேர்ந்தெடுப்பதிலும் காலக் கணக்கு இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. கோவை ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஆகஸ்டு கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நம் உச்சிக்கு நேராக இருக்கும். அப்போது மாடியில் எந்த மூலையைப் பார்த்தாலும் வெயில் விழும். டிசம்பர் 21ஐ ஒட்டியோ, நண்பகலில்கூடச் சூரியன் உச்சியிலிருந்து 34 பாகைக்கு மேல் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்குப் பக்கக் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டர் உயரம் என்றால், நண்பகலில் அதன் நிழல் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உள்ளே விழும். காலையிலும் மாலையிலும் அதைவிட நீளமாக விழும். ஆடியில் வெயில் பார்த்து முடிவு செய்த இடத்தில், தெற்குச் சுவரை ஒட்டி வைத்த தாழ்வான பை, செடிக்கு வெயில் மிகவும் தேவைப்படும் மார்கழியில் நாள் முழுவதும் நிழலில் கிடக்கும். ப்ரோக்கோலிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். குளிர்விரும்பி என்பதற்காக நிழல்விரும்பி என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே தெற்குச் சுவரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள், அல்லது செங்கல் அடுக்கிப் பையை உயர்த்துங்கள். மேற்கு வெயில் மூன்று மணிக்கு மேல் மறைந்துவிடும் இடமாக அது வாய்த்தால் இன்னும் சிறப்பு. காரைத் தளத்தின் சூடு வேரைத் தாக்காதிருக்கப் பைக்கு அடியில் மரப்பலகையோ கல்லோ வைத்து, மேல்மண்ணில் காய்ந்த இலைச் சருகால் மூடாக்கு இட வேண்டும்.

பூச்சிகளுக்கும் பட்டம் உண்டு. முட்டைக்கோஸ் குடும்பத்தின் பெரும் எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. அதன் பச்சை நிறச் சிறு புழு இலையின் அடியில் இருந்துகொண்டு, மேல்தோலை மட்டும் விட்டுவிட்டுச் சுரண்டித் தின்னும். தொட்டால் துள்ளி, நூல்விட்டுத் தொங்கும். அடைமழை நாட்களில் இந்தப் புழுக்கள் கழுவிக்கொண்டு போய்விடுவதால் ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை மட்டுப்பட்டே இருக்கும். மழை ஓய்ந்து வறண்ட பனிக்காலம் தொடங்கியதும், அதாவது சரியாகப் பூ திரளும் வாரங்களில், புழுவும், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியும் ஒருசேரப் பெருகும். அசுவினி பூவின் மொட்டுகளுக்கிடையே புகுந்துவிட்டால் கழுவி எடுப்பது கடினம். ஆகவே மழை விட்ட முதல் வாரத்திலேயே, பூ தோன்றுமுன், 5 விழுக்காட்டு வேப்பங்கொட்டைக் கரைசலை இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளித்துவிட வேண்டும். புழு மிகுந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்து தெளிக்கலாம்; அதையும் மாலையில்தான் தெளிக்க வேண்டும், வெயிலில் அதன் வீரியம் கெட்டுவிடும். பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் முட்டைக்கோஸுக்கு நெடுங்காலமாகப் பரிந்துரைத்துவரும் ஓர் உத்தி மாடிக்கும் பொருந்துகிறது: ப்ரோக்கோலி நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பக்கத்தில் ஒரு தொட்டியில் அஞ்சறைப் பெட்டிக் கடுகைத் தூவிவிட்டால், அந்துப்பூச்சியும் அசுவினியும் கடுகையே முதலில் நாடும். அங்கே மருந்து தெளிப்பது எளிது. காலையில் பத்து நிமிடம் இலைகளைத் திருப்பிப் பார்த்துக் கையால் பொறுக்குவதற்கு ஈடான முறை எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பத்துச் செடிக்கு அது போதும்.

மற்ற ஊர்களுக்கு இந்தக் கணக்கை எப்படி மாற்றுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் கடல் அருகிலிருப்பதால் ஜனவரி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை; நவம்பரில் புயல்மழை வேறு. அங்கே அக்டோபர் நடுவில் மழை படாத இடத்தில் விதைத்து, நவம்பர் மூன்றாம் வாரத்தில் நட்டு, ஜனவரி கடைசியில் அறுப்பதாக ஒரே ஒரு தவணை போதும். பூ சிறிதாகவே வரும் என்பதை ஏற்றுக்கொண்டு இறங்க வேண்டும். மதுரை, திருச்சியில் இருப்போருக்கும் ஏறக்குறைய இதேதான். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரும் அதை ஒட்டிய பெங்களூருவும் ஆகஸ்டு இறுதி முதல் நவம்பர் தொடக்கம் வரை விதைக்கலாம் என்ற அளவுக்கு இடம் தருகின்றன, அங்கே 80, 85 நாள் ரகங்களும் கைகொடுக்கும். 2,240 மீட்டர் உயரத்து உதகையிலோ கணக்கே தலைகீழ். வெப்பத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. பனிக்கு அஞ்ச வேண்டும். வளர்ந்த செடி இலேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் இளஞ்செடி 10 பாகைக்குக் கீழே தொடர்ந்து சில நாட்கள் இருந்தால், குளிர்காலம் கடந்துவிட்டதாக எண்ணி வளருமுன்பே பூத்துவிடும். ஆகவே மலையில் டிசம்பர், ஜனவரியில் இளநாற்று நடுவதைத் தவிர்த்து, பனி விலகும் பிப்ரவரி இறுதியிலிருந்து நடுவது நல்லது. தென்மேற்குப் பருவமழை உக்கிரமாகப் பெய்யும் பகுதிகளில் ஜூன், ஜூலையையும் விட்டுவிட வேண்டும், அந்த ஈரத்தில் இலையோரம் மஞ்சளாகி நரம்பு கறுக்கும் கருப்பு அழுகல் நோய் பரவிவிடும்.

அறுவடை நாளை விதைத்த நாளைவிடக் கூர்மையாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நடுப்பூ திரண்டு, மொட்டுகள் கடுகளவில் இறுகி, கரும்பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். கடையில் பார்க்கும் அளவுக்கு வரட்டும் என்று காத்திருப்பது சமவெளியில் ஆபத்து; ஓரத்து மொட்டுகள் விலகத் தொடங்கினால், தை வெயிலில் இரண்டு மூன்று நாளில் மஞ்சள் பூ விரிந்துவிடும். உள்ளங்கை அகலம் வந்து இறுக்கம் தளர்வதாகத் தோன்றினால் அறுத்துவிடுங்கள். காலைப் பனி உலருமுன், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தண்டோடு, தண்ணீர் தேங்காதபடி சாய்வாக வெட்ட வேண்டும். அறுத்த பிறகும் ப்ரோக்கோலி மிக வேகமாகச் சுவாசிக்கும் காய்; அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகி இனிப்பை இழந்துவிடும். அறுத்த அன்றே தேங்காய்த் துருவலோடு பொரியலாகச் செய்து உண்டவர்களுக்கு, நெடுந்தூரம் பயணப்பட்டுக் குளிர்பெட்டியில் கிடந்த பூவுக்கும் இதற்கும் உள்ள சுவை வேறுபாடு தெரியும். தண்டின் தோலைச் சீவிவிட்டு உள்ளிருக்கும் வெண்பச்சைப் பகுதியைச் சாம்பாரில் போடலாம். இளம் இலைகளைக் கீரை போலக் கடையலாம்.

நடுப்பூவை அறுத்ததும் செடியைப் பிடுங்கிவிடுவோர் இருக்கிறார்கள். அது வீண். இலைக் கக்கங்களிலிருந்து பக்கப்பூக்கள் எலுமிச்சை, நெல்லிக்காய் அளவில் தொடர்ந்து வரும்; புத்தாண்டை ஒட்டி நடுப்பூவை அறுத்த செடி, ஒரு கைப்பிடி மண்புழு உரமும் சீரான தண்ணீரும் கொடுத்தால், தை முழுவதும் பக்கப்பூ தரும். முதல் தவணையை முந்தி விதைப்பதன் பெரும் பயனே இதுதான். மூன்றாம் தவணைச் செடிக்குப் பக்கப்பூ விடுவதற்குரிய குளிர் எஞ்சியிருப்பதில்லை. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள்; மாசியிலும் விடியலில் பனி இறங்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்குள் பகல் வெயில் ஏறிவிட்டிருக்கும், பக்கப்பூக்கள் திரளுமுன்பே மலரும். மாசி இரண்டாம் வாரத்துக்குப் பின் செடியை வைத்திருந்தால் அசுவினிக்கும் அந்துப்பூச்சிக்கும் இடம் கொடுப்பதாகவே முடியும். ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து வைப்பதிலும் பயனில்லை, தாயின் குணம் அதில் வராது. வேரோடு பிடுங்கி, நோய் இல்லாத இலைகளை மட்டும் உரக்குழியில் இட்டு, பை மண்ணைக் கிளறி வெயிலில் ஒரு வாரம் ஆறவிடுங்கள். அந்தப் பையில் அடுத்து முட்டைக்கோஸோ முள்ளங்கியோ கடுகோ வேண்டாம், அவையும் அதே குடும்பம். வெண்டையோ கொத்தவரையோ தண்டுக்கீரையோ ஊன்றினால் கோடையைத் தாங்கி வரும்.